கால் ஏன் மரத்தது?

என் தாயார் தையல் தொழில் செய்பவர். மிதி வைத்த பழைய தையல் இயந்திரம் ஒன்றுதான் எங்கள் வீட்டு வருவாய்க்கும், நான் இக்கல்லூரியில் வரலாறு பயில்வதற்கும் ஆதாரம். ஒரு நாள் மாலை அவர் என்னை அழைத்து, "தம்பி, என் கால் மிதிமேலே இருக்கா, தரையிலே இருக்கா, பார்த்துச் சொல்லு" என்றார். விளையாட்டாகச் சொல்கிறார் என்று எண்ணிக் குனிந்து பார்த்தேன். கால் மிதியின் விளிம்பிலிருந்து பாதி நழுவியிருந்தது. அது அவருக்குத் தெரியவில்லை.

அதன்பின் துருவிக் கேட்டபோதுதான் மற்றவை ஒவ்வொன்றாக வெளிவந்தன. இரவில் இரு பாதங்களும் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிகின்றன. பகலில் பஞ்சின்மேல் நடப்பதுபோல் இருக்கிறது. கடைவீதியில் செருப்பு கழன்றது தெரியாமல் பத்தடி நடந்துவிட்டு, பின்னால் வந்தவர் கூப்பிட்டுச் சொன்ன பிறகு திரும்பியிருக்கிறார். கண்ணை மூடி முகம் கழுவினால் தள்ளாடுகிறது. இவையெல்லாம் ஓராண்டாக நடந்தவை. "வயசானா வர்றதுதானே" என்று யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டார். அவருக்கு வயது 49.

அந்தக் கால் மரத்ததன் காரணத்தைத் தேடிய கதையே இக்கட்டுரை. வரலாறு படிப்பவன் மருத்துவம் எழுதலாமா என்று நண்பர்கள் கேட்கலாம். மருத்துவம் சொல்ல நான் வரவில்லை. ஒரு விளைவுக்குக் காரணத்தை எப்படித் தேடுகிறார்கள், அத்தேடல் எங்கே வழி தவறுகிறது என்பது வரலாற்று மாணவனுக்கும் உரிய கேள்வியன்றோ? அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

கடைமடை வாடுதல்

மூளையும் தண்டுவடமும் நரம்பு மண்டலத்தின் தலைமையகம். அங்கிருந்து கை, கால், தோல், தசை, உள்ளுறுப்புகள் எங்கும் கிளைத்துச் செல்பவை புற நரம்புகள். தொடு உணர்ச்சி, சூடு, வலி முதலியவற்றை உள்ளே கொண்டு செல்வன சில. தசைக்கு ஆணை கொண்டு வருவன சில. வியர்வை, இதயத் துடிப்பு, செரிமானம் ஆகியவற்றைக் கவனிப்பன வேறு சில. இவை பழுதுறும் நிலைக்குப் புற நரம்பு நோய் என்று பெயர்.

முதலில் பாதம் ஏன் மரக்கிறது? இடுப்பருகே புறப்பட்டுக் கால்விரல் நுனிவரை செல்லும் நரம்பிழை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ளது. உடலின் மிக நீண்ட நரம்பிழைகள் இவையே. நரம்பணு தனக்கு வேண்டிய பொருள்களை ஒரு முனையில் உண்டாக்கி மறு முனைவரை அனுப்பியாக வேண்டும். ஆற்றில் நீர் குறைந்தால் கடைமடை வயல்தானே முதலில் வாடுகிறது? அதுபோல் நரம்புக்குப் பொதுவாக ஒரு கேடு நேர்ந்தால் கால்விரல்களே முதலில் அறிவிக்கின்றன. மரப்பு மெல்ல ஏறி முழங்காலை நெருங்கும்போது கைவிரல்களிலும் தொடங்கும்.

இங்கே ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். "காய்ச்சல்" என்று சொன்னால் காரணம் சொன்னதாகாது. அது மலேரியாவாலும் வரும், டைபாய்டாலும் வரும். "நரம்பு நோய்" என்பதும் அத்தகைய பெயரே. இதற்கு நூற்றுக்கு மேற்பட்ட காரணங்கள் உண்டு என்பர். நீரிழிவு அவற்றுள் முதன்மையானது. மதுப்பழக்கம், தொழுநோய், தைராய்டு குறை, சிறுநீரகக் கோளாறு, வைட்டமின் குறைவு, ஈயமும் ஆர்செனிக்கும் உடலில் சேர்தல், காசநோய்க்குத் தரும் ஐசோநியாசிட் போன்ற சில மருந்துகள், பரம்பரை, உடலின் எதிர்ப்பாற்றல் தன் நரம்பையே தாக்குதல் எனப் பட்டியல் நீள்கிறது. எரிச்சல் எல்லாருக்கும் ஒன்றுபோல் இருக்கலாம். ஆனால் மருத்துவம் காரணத்துக்குக் காரணம் வேறுபடும்.

என் தாயாருக்கு ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. ஆதலால் நாங்கள் சென்ற இரண்டு இடங்களிலும், "சர்க்கரையால் வந்தது" என்ற ஒரே விடைதான் கிடைத்தது. எரிச்சலைத் தணிக்கும் மாத்திரை தந்தார்கள். இரவு சிறிது தூக்கம் வந்தது. மரப்போ ஏறிக்கொண்டே இருந்தது. சர்க்கரை அளவு கட்டுக்குள்தானே இருக்கிறது, பிறகு ஏன் ஏறுகிறது என்று கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. விடை பொருத்தமாக இருந்ததால் கேள்வி நின்றுவிட்டது.

பத்தாவியாவின் கோழிகள்

இதை எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் சொல்லி வருந்தினேன். "பெரிபெரி நோயின் வரலாற்றைப் படித்துப் பார்" என்றார். படித்தேன்.

பெரிபெரி என்பது கால் மரத்து, தசை சோர்ந்து, சிலருக்கு உடல் வீங்கி இதயமும் கெட்டு உயிர் போகும் நோய். சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில் இன்றைய இந்தோனேசியாவிலிருந்த டச்சுப் படையினரையும் கைதிகளையும் அது வாட்டியது. கிருமிகள் ஒவ்வொன்றாகக் கண்டறியப்பட்ட காலம் அது. எனவே இதற்கும் ஒரு கிருமிதான் காரணமாக இருக்கும் என்று நம்பி, 1886இல் பெக்கெல்ஹாரிங், விங்க்ளர் என்னும் இரு அறிஞர்களை டச்சு அரசு அனுப்பியது. அவர்கள் ஊர் திரும்பிய பின் பத்தாவியா நகரில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், ஆய்வைத் தொடர்ந்தவர் கிறிஸ்டியான் ஐக்மான்.

1889இல் அவருடைய ஆய்வுக்கூடக் கோழிகள் கால் தளர்ந்து விழத் தொடங்கின. கிருமி ஏற்றிய கோழிகளும் விழுந்தன, ஏற்றாதவையும் விழுந்தன. சில மாதங்களில் எல்லாம் தாமாகவே தேறின. ஐக்மான் இதைத் தற்செயல் என்று தள்ளிவிடவில்லை. கோழிகளின் தீனியை விசாரித்தார். இடைப்பட்ட மாதங்களில் இராணுவ மருத்துவமனையின் சமையற்கூடத்தில் மிஞ்சிய சோறு, தீட்டிய வெள்ளையரிசிச் சோறு, கோழிகளுக்கு இடப்பட்டது. புதிதாக வந்த சமையற்காரர், இராணுவத்தின் சோறு இராணுவத்தைச் சேராத கோழிகளுக்கு எதற்கு என்று மறுத்துவிட்டார். தீனி பழையபடி தீட்டாத அரிசிக்கு மாறியது, கோழிகள் எழுந்து நடந்தன!

பின்னர் வோர்டர்மான் என்னும் அதிகாரி ஜாவா, மதுரா தீவுகளிலுள்ள 101 சிறைகளை ஆராய்ந்தார். தீட்டிய அரிசி வழங்கிய 51 சிறைகளில் 36இல் பெரிபெரி இருந்தது. தீட்டாத அரிசி வழங்கிய 37 சிறைகளில் ஒன்றில் மட்டுமே இருந்தது.

இவ்வளவு தெரிந்தும் ஐக்மானின் முதல் விளக்கம் தவறாகவே இருந்தது. அரிசியின் மாவில் ஒரு நஞ்சு உண்டு, தவிட்டில் அதற்கு மாற்று உண்டு என்று கருதினார். இருக்கும் ஒன்றால்தான் நோய் வரும் என்பது அக்கால எண்ணம். இல்லாத ஒன்றாலும் நோய் வரலாம் என்று 1901இல் சொன்னவர் அவருக்குப் பின்வந்த கிரைன்ஸ். அந்த இல்லாத பொருளே தயமின் என்னும் பி 1 வைட்டமின். அதை 1926இல் யான்சென், டோனாத் ஆகியோர் அதே பத்தாவியாவில் படிகமாகப் பிரித்தனர். 1936இல் அமெரிக்க வேதியியலார் ராபர்ட் வில்லியம்ஸ் செயற்கையாக உருவாக்கினார். இவர் 1886இல், அன்று சென்னை மாகாணத்திலிருந்த நெல்லூரில் பிறந்தவர். ஐக்மானுக்கு 1929ஆம் ஆண்டின் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

நம்மவரும் இவ்வரலாற்றில் இடம் பெற்றுள்ளனர். மலேயாவில் சீனத் தொழிலாளர் பெரிபெரியால் மாண்டுகொண்டிருக்க, அதே நாட்டில் உழைத்த தமிழ்த் தொழிலாளரிடையே அந்நோய் அரிதாக இருந்ததை அங்கிருந்த மருத்துவர் பிராடன் கவனித்தார். சீனர் உண்டது தீட்டிய பச்சரிசி, தமிழர் உண்டது புழுங்கலரிசி. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுதும் போவதில்லை. நம் வீட்டுப் பெண்கள் நெல் அவித்த அண்டா, பெயர் தெரியாமலே ஒரு மருந்தைக் காத்துவந்தது எனலாம்.

பச்சை நாக்கு

இரண்டாவது வரலாறு ஜப்பானுடையது. 1955ஆம் ஆண்டையொட்டி அங்கே புதிய நோய் ஒன்று தலைகாட்டியது. முதலில் வயிற்று வலியும் பேதியும் வரும். சில வாரங்களில் பாதம் மரக்கும், மரப்பு மேலேறும், கால் விழுந்துவிடும். சிலருக்குப் பார்வையும் போகும். 1960களில் நோயாளிகள் பெருகினர். ஒரே ஊரில், ஒரே மருத்துவமனையில், ஒரே குடும்பத்தில் பலருக்குக் கண்டதால் இது தொற்றுநோய் என்றே பலரும் நம்பினர். "ஸ்மான்" என்று அதற்குச் சுருக்கப் பெயரும் வைத்தனர். 1970இன் தொடக்கத்தில், காரணமான வைரஸ் அகப்பட்டுவிட்டது என்ற செய்தியும் வெளியாயிற்று. விளைவு என்ன? நோயாளிகளை அண்டை அயலார் ஒதுக்கினர். மனமுடைந்து தற்கொலை செய்துகொண்டோரும் உண்டு.

அதே ஆண்டில் உண்மை வேறு திசையிலிருந்து வந்தது. நோயாளிகள் பலருடைய நாக்கில் பச்சை நிறம் படிந்திருந்தது. சிலருக்குச் சிறுநீரும் பச்சையாக இருந்தது. அந்தப் பச்சைப் பொருளைச் சோதித்தபோது, கிளியோகுவினால் என்னும் மருந்து இரும்போடு சேர்ந்து உண்டான பொருள் என்று தெரிந்தது. பேதிக்கும் வயிற்றுக் கடுப்புக்கும் தாராளமாகத் தரப்பட்டுவந்த மருந்து அது. நீகாத்தா பல்கலைக்கழகத்தின் நரம்பியல் பேராசிரியர் சுபாகி, நோயாளிகள் என்னென்ன மருந்து உட்கொண்டார்கள் என்று மருத்துவமனைக் குறிப்புகளைப் புரட்டினார். நரம்புக் கோளாறு தொடங்குமுன் பெரும்பாலோர் கிளியோகுவினால் உட்கொண்டிருந்தனர். 1970 செப்டம்பரில் ஜப்பானிய அரசு அதன் விற்பனையைத் தடை செய்தது. புதிய நோயாளிகள் வருவது ஏறத்தாழ நின்றேபோயிற்று. அதற்குள் பத்தாயிரம் பேருக்கு மேல் பாதிக்கப்பட்டுவிட்டனர்.

வயிற்றுக் கோளாறை நோயின் தொடக்கம் என்று கருதியதால் அதற்குத் தந்த மருந்தை யாரும் ஐயுறவில்லை. குடும்பத்தில் ஒருவருக்குப் பின் ஒருவருக்கு வந்ததற்கும், தொற்று வேண்டியதில்லை, ஒரே மருந்து போதும் என்பது பின்னரே விளங்கிற்று. நோயைத் தீர்க்க வந்ததே நோயாக இருக்கலாம் என்று எண்ணிப் பார்க்கப் பதினைந்து ஆண்டுகள் ஆயின.

இவ்விரு வரலாறுகளையும் படித்த இரவில் எனக்கு உறக்கம் வரவில்லை. அம்மா என்ன சாப்பிடுகிறார்? என்ன மருந்து உட்கொள்கிறார்? இந்த இரண்டையும் இதுவரை யாரும் கேட்கவில்லையே! பிறரைச் சொல்வானேன், ஒரே வீட்டில் இருக்கும் நானே கேட்கவில்லை.

இசைக்கவை சொன்னது

மறு வாரம் அவரை மாவட்டத் தலைநகரின் நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றேன். அந்த அம்மையார் கருவி எதையும் தொடுமுன் கால் மணி நேரம் கேள்விகள் கேட்டார். எது முதலில் வந்தது, எரிச்சலா மரப்பா? இரண்டு காலிலும் ஒன்றாகவா? வீட்டில் வேறு யாருக்காவது இப்படி உண்டா? தோலில் உணர்ச்சியற்ற தேமல் உண்டா? என்னென்ன மாத்திரை, எத்தனை ஆண்டாக? பிறகு, "சாப்பாடு எப்படிம்மா? பால், தயிர் உண்டா?" என்றார்.

"சுத்த சைவம்ங்க. சர்க்கரை வந்ததிலிருந்து பால், தயிரும் விட்டுட்டேன். கடுங்காப்பிதான். பால் ஆகாதுன்னு பக்கத்து வீட்டிலே சொன்னாங்க" என்றார் அம்மா.

மருத்துவர் தலையசைத்துவிட்டு எழுந்தார். பஞ்சால் தொட்டார், ஊசியால் மெல்லக் குத்தினார், சுத்தியலால் முழங்காலிலும் கணுக்காலிலும் தட்டினார். இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் நாம் காணும் இசைக்கவையை அதிரச் செய்து கால் பெருவிரலில் வைத்தார். கவை அதிர்ந்தது, அம்மாவுக்குத் தெரியவில்லை. முழங்காலில் வைத்தபோதுதான் "ஆமாங்க" என்றார். கால்களைச் சேர்த்து நின்று கண்ணை மூடச் சொன்னார். அம்மா சாய்ந்தார், நான் பிடித்துக்கொண்டேன். முகம் கழுவும்போது நேர்ந்த தள்ளாட்டத்தின் பொருள் அப்போதுதான் விளங்கிற்று. கால் இருக்கும் நிலையை மூளைக்குச் சொல்லும் வழி கெட்டுவிட்டதால் கண்ணே அவரை நிறுத்தி வைத்திருந்தது.

இரத்தச் சோதனையில் சிவப்பணுக்கள் வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தன. பி 12 வைட்டமின் மில்லிலிட்டருக்கு 118 பிகோகிராம். பொதுவாக 200க்குக் கீழே இருந்தால் குறைவு என்று கொள்வர்.

மருத்துவர் விளக்கினார். நரம்பின்மேல் உறைபோல் அமைந்துள்ள மயலினைக் காக்க பி 12 வேண்டும். காய்கறி, தானியம், பருப்பு ஆகியவற்றில் அது கிடைப்பதில்லை. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றிலேயே கிடைக்கும். சைவ உணவினர்க்குப் பாலும் தயிருமே வழி. அந்த வழியை அம்மா நன்மை என்றெண்ணி அடைத்துவிட்டார். இரண்டாவதாக, சர்க்கரைக்கு அவர் உட்கொண்டுவரும் மெட்ஃபார்மின் நாளடைவில் குடல் பி 12ஐ ஏற்பதைக் குறைக்கக் கூடியது. இது 1971ஆம் ஆண்டிலேயே மருத்துவ ஏட்டில் வெளிவந்த செய்தி. கல்லீரல் இவ்வைட்டமினைப் பல ஆண்டுகளுக்குச் சேமித்து வைப்பதால், வரவு நின்றாலும் உடனே குறை தெரிவதில்லை. பழைய இருப்பு தீர்ந்த பிறகே கால் எரிகிறது. அதற்குள் பாலை நிறுத்தியதும் மாத்திரை தொடங்கியதும் யாருக்கும் நினைவில் இருப்பதில்லை.

"அந்த மாத்திரையை நிறுத்திடலாமா?" என்று நான் அவசரப்பட்டுக் கேட்டேன். "கூடாது. அது நல்ல மருந்து. இவங்களுக்குத் தேவையான மருந்தும்கூட. நெடுநாள் சாப்பிடறவங்களுக்கு பி 12 அளவைப் பார்த்துக்கணும், அவ்வளவுதான்" என்றார். நண்பர்களும் இதைக் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன். கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. சத்து மாத்திரைகளைத் தாமே வாங்கி விழுங்கவும் கூடாது. போலிக் அமிலம் மட்டும் உட்கொண்டால் பி 12 குறைவால் வந்த இரத்தச்சோகை தேறியதுபோல் தோன்றும், நரம்பின் கேடு உள்ளே வளரும். பி 6 வைட்டமினை மிகுதியாக உட்கொண்டவர்களுக்கு அதனாலேயே நரம்பு நோய் வந்ததை 1983இல் அமெரிக்க மருத்துவர்கள் எழுதியுள்ளனர்.

விடை கிடைக்காதோர்

எல்லாருக்கும் விடை இவ்வாறு ஒரு சோதனையில் கிடைத்துவிடுவதில்லை. அமெரிக்காவில் மேயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த டிக்கும் அவருடைய குழுவினரும், காரணம் தெரியாதென்று அனுப்பப்பட்ட 205 நரம்பு நோயாளிகளை மீண்டும் ஆராய்ந்து 1981இல் முடிவை வெளியிட்டனர். 76 விழுக்காட்டினருக்குக் காரணத்தை வகைப்படுத்த முடிந்தது. 42 விழுக்காட்டினருடையது பரம்பரை நோய். நோயாளியை மட்டும் பார்த்தபோது தெரியாதது, அவர் உறவினரின் கால்களையும் பார்த்தபோது தெரிந்தது! எஞ்சியோர்க்கு அன்று விடை இல்லை. இன்றும் முறையான சோதனைகளுக்குப் பின் சுமார் நான்கில் ஒருவருக்குக் காரணம் புலப்படாமலே நிற்கிறது. அத்தகையோர் தம் நோய் பொய்யென்று எண்ண வேண்டியதில்லை. உணர்ச்சி குன்றிய பாதத்தை நாள்தோறும் பார்த்துக் காப்பதும், சில காலம் கழித்து மீண்டும் ஆராய்வதும் அவர்க்குரிய வழி.

மருத்துவரிடம் செல்லுமுன் ஒரு தாளில் நான்கு செய்திகளை எழுதிக்கொள்வது நல்லது என்பது என் அனுபவம். தொல்லை எப்போது, எந்த வரிசையில் வந்தது? இப்போதும் முன்பும் உட்கொண்ட மருந்துகள் யாவை? உணவில் எதை, எப்போது நிறுத்தினோம், சேர்த்தோம்? உறவினர் யாருக்கேனும் இத்தொல்லை உண்டா? விலைமிக்க சோதனைகளுக்கு முன் வேண்டியது இந்தத் தாள். நோயின் பெயரை அறிந்த அளவில் நில்லாமல் அதன் வேரையும் தேடச் சொன்ன வள்ளுவரின் நாட்டில் பிறந்தும், ஓராண்டு வீணான பிறகே நான் இதைக் கற்றேன்.

அம்மாவுக்கு பி 12 ஊசி முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாளும், பிறகு வாரம் ஒன்றும், இப்போது மாதம் ஒன்றுமாகப் போடப்படுகிறது. தயிரும் திரும்ப வந்துவிட்டது. இரண்டு மாதத்தில் இரவு எரிச்சல் தணிந்தது. எட்டு மாதங்களுக்குப் பிறகு, கண்ணை மூடி முகம் கழுவ முடிகிறது. வலக்காலில் இரண்டு விரல்கள் மட்டும் இன்னும் மரத்தே இருக்கின்றன. அது சர்க்கரையின் பங்கா, காலந்தாழ்ந்ததன் பங்கா என்று பிரித்துச் சொல்ல இயலாது என்றார் மருத்துவர். முதல் மாதமே கேட்டிருந்தால் அவ்விரண்டு விரல்களும் தப்பியிருக்குமோ என்ற எண்ணம் என்னை விட்டு இன்னும் அகலவில்லை.

இக்கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கும்போது அடுத்த அறையில் தையல் இயந்திரம் ஓடுகிறது. இப்போது மிதியைப் பார்த்துச் சொல்ல அம்மா என்னை அழைப்பதில்லை. ஆனாலும் வாரம் ஒருமுறை நானே போய், "இன்னைக்குக் கால் எப்படிம்மா இருக்கு?" என்று கேட்கிறேன். நண்பர்களே, உங்கள் வீட்டிலும் சொல்லாமல் பொறுத்துக்கொள்ளும் ஒருவர் இருப்பார். இந்த விடுமுறையில் ஊருக்குப் போனதும் அவரைக் கேளுங்கள்.